மலிவு விலை பேஸ் கிட்டாரின் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தேவாலயப் பாடகர் குழுக்களிலும், கோயில் திருவிழா மேடைகளில் வாசிக்கும் இன்னிசைக் குழுக்களிலும் நான் பார்த்த பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை குறைந்த விலைக்கு வாங்கப்பட்டவை. அவற்றில் ஒன்று பழுதானால் ஓசூரிலிருந்து பெங்களூருக்கோ தருமபுரியிலிருந்து சேலத்துக்கோ கொண்டுசெல்கிறார்கள். போக்குவரத்துச் செலவும் கூலியும் சேர்ந்தால் கருவியின் விலையில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடுகிறது. அந்தக் கணக்கைப் பார்த்தே பல கருவிகள் மூலையில் சார்த்தி வைக்கப்படுகின்றன. இது வருந்தத்தக்கது. ஏனெனில் இத்தகைய கருவிகளில் மரம் பெரும்பாலும் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. கெடுபவை ஜாக் (கேபிள் செருகும் துளை), வால்யூம் பாட் (ஒலிக் குமிழின் அடியிலுள்ள பாகம்), நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) போன்ற சிறு பாகங்களும், தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொடாத திருகுகளும்தான்.

வீட்டிலேயே இவற்றைச் சரிசெய்ய முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், 1960-இல் வெளிவந்த ஜாஸ் பேஸ் ஆகிய இரண்டின் அமைப்பையே இன்றைய மலிவுக் கருவிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. கருவியின் நீண்ட கழுத்தான நெக், உடலோடு ஒட்டப்படாமல் திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். மின்பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் தகட்டின் அடியிலோ, பின்புறக் குழிக்குள்ளோ இருக்கும். கம்பிகளின் கீழ்முனையை உடலோடு பிணைக்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சாடில் என்ற சிறு துண்டு தனித்தனியாக இருக்கும். கழற்றினால் மீண்டும் மாட்டக்கூடிய அமைப்பு இது. ஆனால் கழற்றுவதற்கு முன் அறிகுறியை முழுமையாகக் கேட்டறிய வேண்டும். எந்தக் கம்பியில், எந்த ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), கை பட்டால் கூடுகிறதா குறைகிறதா, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமலும் கேட்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் திருகைத் திருப்புபவர், இருந்த கோளாறோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்.

தேவையான கருவிகள் அதிகம் இல்லை. மில்லிமீட்டர் அளவிலான அலன் கீ தொகுப்பு, ஒரு மல்டிமீட்டர், 25 முதல் 40 வாட் வரையிலான சாலிடரிங் அயர்ன், 60/40 வகைச் சாலிடர், ஓர் எஃகு ஸ்கேல், ஒரு ஃபீலர் கேஜ் ஆகியவை போதும். ஃபீலர் கேஜை இசைக்கருவிக் கடையில் தேட வேண்டியதில்லை. இருசக்கர வாகனப் பட்டறைகளில் டேப்பெட் இடைவெளியை அளக்க வைத்திருக்கும் அதே தகட்டுக் கொத்துதான் இது, ஓசூர் போன்ற தொழில் நகரத்தின் டூல்ஸ் கடைகளில் எளிதாகவே கிடைக்கும். சுருதி பார்க்கச் செல்போன் செயலி போதுமானது என்றாலும், மிகத் தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் செல்போனின் சிறிய மைக் அதைச் சரிவரப் பிடிப்பதில்லை. 12-ஆவது ஃபிரெட்டின் நேர் மேலே விரலை மெதுவாக வைத்து மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே, 82.4 ஹெர்ட்ஸில் ஒலி எழும். அதை வைத்துச் சுருதி சேர்த்தால் செயலியின் முள் தடுமாறாது.

ஒலியே வரவில்லை

முதலில் வேறொரு கேபிளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, கருவியில் 9 வோல்ட் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி உள்ள ஆக்டிவ் கருவிகளில் கேபிளின் பின்னை ஜாக்கில் செருகியதும் மின்சுற்று இயங்கத் தொடங்கிவிடும். வாசித்து முடித்தபின் கேபிளைக் கழற்றாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஒலி மெல்லக் குறைந்து, சிதைந்து, பிறகு நின்றுபோனது என்றால் வேறெதையும் தொடும் முன் பேட்டரியை மாற்றிவிடலாம்.

பேட்டரி இல்லாத கருவியானால், திறக்காமலேயே உள்ளே நடப்பதை அறிய ஒரு வழி உண்டு. கேபிளின் ஒரு முனையைக் கருவியில் செருகி, மறுமுனைப் பின்னின் நுனிக்கும் உடற்பகுதிக்கும் இடையே மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். வால்யூமை முழுதாகத் திறந்து வைத்தால், பிரிசிஷன் வகையில் ஏறக்குறைய 7 முதல் 12 கிலோ ஓம் வரை காட்டும். ஜாஸ் வகையில், கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப் இரண்டும் இணையாகச் சேர்வதால் 3.5 முதல் 4.5 கிலோ ஓம் வரை காட்டும். எந்த எண்ணும் வராமல் மீட்டர் திறந்த சுற்றையே காட்டினால் எங்கோ ஒயர் விடுபட்டிருக்கிறது. சுழியத்தை ஒட்டிய அளவு வந்தால் சிக்னல் ஒயர் எர்த்தோடு எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. சரியான எண் வந்தும் ஒலி இல்லையென்றால் குறை கருவியில் இல்லை. ஆம்பைப் பார்க்க வேண்டும். ஆக்டிவ் கருவிகளில் சிக்னல் உள்ளிருக்கும் சர்க்யூட் வழியே வருவதால் இந்த அளவீடு அவற்றுக்குப் பொருந்தாது.

விடுபட்ட ஒயர் பெரும்பாலும் ஜாக்கில்தான் இருக்கும். ஜாக்கை இறுக்கிப் பிடிக்கும், வெளியே தெரியும் மரை நட் தளர்ந்தபின், ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் ஜாக் முழுவதுமாகச் சுழன்று, உள்ளே இருக்கும் ஒயரை முறுக்கி அறுத்துவிடும். தளர்ந்த நட்டை வெளியிலிருந்தே இறுக்குபவர்களும் இதே சேதத்தை உண்டாக்குகிறார்கள். தகட்டைக் கழற்றி, ஜாக்கின் உடலைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்க வேண்டும். அறுந்த ஒயரை ஜாக்கின் எந்தக் காதில் (ஒயர் பற்றவைக்கும் உலோக முனை) பற்றவைப்பது என்ற ஐயம் எழுந்தால், பின்னைச் செருகிய நிலையில் மீட்டரின் பீப் ஒலியைக் கொண்டு, பின்னின் நுனியைத் தொடும் வளைந்த நாக்கோடு எந்தக் காது இணைகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். சிக்னல் ஒயர் அங்கே செல்ல வேண்டும். அந்த நாக்கு விரிந்துபோய் பின்னை இறுகப் பிடிக்காவிட்டால் சற்றே உள்நோக்கி வளைத்துவிட்டாலே போதும். பழைய சாலிடரின் மேல் புதியதைச் சேர்ப்பதைவிட, பழையதை உருக்கி எடுத்துவிட்டு, காதையும் ஒயர் முனையையும் தனித்தனியே சூடாக்கிச் சாலிடர் பூசி, பின்னர் இரண்டையும் சேர்ப்பது நீடிக்கும். இணைப்பு ஆறும் வரை ஒயர் அசையக் கூடாது.

ஒலி விட்டுவிட்டு வருகிறது, குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது

கேபிளை அசைக்கும்போது விட்டு வந்தால் ஜாக். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பாட். பிரிசிஷன் வகையில் மேலே சொன்ன அளவீட்டை வைத்தே பாட்டின் நிலையையும் அறியலாம். மீட்டரை இணைத்தபடி வால்யூமை மெதுவாகக் குறைத்தால், எண் முதலில் ஏறிப் பிறகு இறங்கிக் கடைசியில் சுழியத்தை அடைய வேண்டும். ஏறுவதைக் கண்டு குழம்ப வேண்டாம், அந்தச் சுற்றின் இயல்பே அது. நடுவில் எண் தாவினாலோ மறைந்தாலோ உள்ளே இருக்கும் கரிப்பாதை அழுக்கடைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

பாட்டின் உடலில் காதுகளுக்கு மேலே உள்ள சிறு இடைவெளி வழியே எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை ஓரிரு துளி செலுத்தி, குமிழை இரு கோடிக்கும் பல முறை திருப்ப வேண்டும். சைக்கிள் செயினுக்கு விடும் எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ அங்கே விடக் கூடாது; அப்போதைக்குக் கரகரப்பு அடங்குவதுபோல் தோன்றினாலும், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குறை கூடுதலாகத் திரும்பி வரும். கிளீனர் கிடைக்காத ஊரில், செல்போன் பழுதுபார்க்கும் கடையில் பலகையைத் துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் கேட்டு வாங்கலாம்.

சுத்தம் செய்தும் குறை தீரவில்லையென்றால் பாட்டை மாற்றிவிட வேண்டும். சாதாரண பேஸ் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட் பொருத்தமானது. வால்யூமுக்கு ஏ என்ற எழுத்துக் குறியிட்ட லாகரிதமிக் வகையை வாங்க வேண்டும். பி என்று குறியிட்ட லீனியர் வகையைப் போட்டால் குமிழின் பெரும்பகுதியில் ஒலி மாறாமல் இருந்து, கடைசியில் சட்டென்று அடங்கும். டோன் பாட்டில் உள்ள கெப்பாசிட்டரில் 473 என்று எழுதியிருந்தால் அது 0.047 மைக்ரோஃபாரட், 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட். மலிவுக் கருவிகளில் பாட் சிறிய உருவத்தில், மெல்லிய தண்டோடு இருக்கும் என்பதால், துளையின் விட்டத்தையும் தண்டு கோடு வெட்டியதா வழவழப்பானதா என்பதையும் பார்த்துக்கொண்டு, முடிந்தால் பழைய பாட்டையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும்.

ஓயாத உறுமல்

நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் எழும் ஆழ்ந்த உறுமல் பேஸ் கிட்டாரின் ஒலி எல்லைக்குள்ளேயே விழுகிறது. ஆகவே மற்ற கருவிகளைவிட இங்கே அது அதிகம் தொந்தரவு தரும். காரணத்தைக் கண்டுபிடிக்கக் கம்பியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஆம்ப் செருகியிருக்கும் மூன்று துளைப் பிளக் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்பதை ஒரு மின்பணியாளரைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைச் சொல்வது உறுமலைக் குறைப்பதற்காக மட்டும் அன்று. பேஸ் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் உலோக உடலோடு நேரடியாக இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டால் அது வாசிப்பவரின் கைக்கு வந்து சேரும். அவர் அதே நேரத்தில் வேறோர் இணைப்பிலிருந்து வரும் மைக்கை உதட்டால் தொட்டால், மின்சாரம் உடல் வழியே பாயும்.

பழைய வீடுகளிலும் சிறிய தேவாலயங்களிலும் சாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தும் அதன் பின்னால் ஒயர் இல்லாமல் இருப்பது உண்டு. ஒயர் இருக்கும் இடங்களிலும், கரியும் உப்பும் இட்ட எர்த் குழி சித்திரை, வைகாசி வெயிலில் வறண்டுபோனால் அதன் மின்தடை கூடிவிடும். எங்கள் பக்கத்து வறண்ட மண்ணில் கோடை முழுவதும் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டியது கட்டாயம். உறுமல் போகிறது என்பதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. அதை யார் சொன்னாலும் செய்யக் கூடாது. ஜெனரேட்டரில் இயங்கும் திருவிழா மேடையில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். கருவிகள் செருகப்படும் இணைப்பில் மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேட்பது வாசிப்பவரின் உரிமை.

எர்த் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் கம்பியைத் தொட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். தொட்டதும் உறுமல் குறைந்தால், எர்த் இணைப்புகள் ஒழுங்காக உள்ளன, உள்குழிக்கு வெளி மின்னிரைச்சலைத் தடுக்கும் உலோகக் கவசம் இல்லை என்று பொருள். தொட்டாலும் தொடாவிட்டாலும் மாற்றமே இல்லையென்றால் பிரிட்ஜுக்குச் செல்லும் எர்த் ஒயர் விடுபட்டிருக்கிறது. தொட்டதும் உறுமல் கூடினால் ஜாக்கில் சிக்னலும் எர்த்தும் இடம் மாறியிருக்கின்றன, அவற்றை மாற்றிப் பற்றவைத்தால் போதும்.

இரண்டாவது நிலையே மலிவுக் கருவிகளில் நான் மிகுதியாகக் காண்பது. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உடற்பகுதிக்கும் இடையே மீட்டரை வைத்தால் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால், மரத்திலுள்ள சிறு துளையிலிருந்து வரும் ஒயர் முனை துருப்பிடித்தோ உள்ளே நழுவியோ இருப்பது தெரியும். அதன் உறையை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு உரித்து, இழைகளை விசிறிபோல் மரத்தின் மேல் விரித்து, பிரிட்ஜின் அடிப்பகுதியில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மேலே பிரிட்ஜை இறுக்கினால் தொடர்பு திரும்பிவிடும்.

கவசம் இல்லாத முதல் நிலைக்குச் செம்புப் படல டேப்பைக் குழியின் உட்சுவர் முழுவதும் ஒட்டி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு மின்தொடர்பு கொள்ளும்படி ஓரங்களில் சாலிடர் வைத்து, ஒரு சிறு ஒயரால் பாட்டின் பின்புறத்தோடு இணைக்க வேண்டும். சமையலறை அலுமினியத் தாளில் சாலிடர் பிடிக்காது என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஜாஸ் வகையில் இரு வால்யூமும் சமமாகத் திறந்திருக்கும்போது உறுமல் அடங்கி, ஒன்றைக் குறைத்ததும் எழுந்தால் அது கோளாறு அன்று. ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் ஒன்றன் உறுமலை மற்றொன்று தணிக்கும்படி எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதன் விளைவு அது.

இரண்டு கம்பிகள் மட்டும் கேட்கவில்லை

பிரிசிஷன் வகையின் பிக்கப் இரு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று ஈ, ஏ கம்பிகளுக்கும் மற்றொன்று டி, ஜி கம்பிகளுக்கும் உரியது. இவை தொடராக இணைந்திருப்பதால், ஒரு துண்டின் சுருள் அறுந்தால் நான்கு கம்பிகளின் ஒலியும் போய்விடும் அல்லது மிக மெலிந்துவிடும். இரண்டு கம்பிகள் மட்டும் மௌனமாகி மற்ற இரண்டும் நன்றாகக் கேட்டால் அறுந்தது எதுவும் இல்லை, அந்தத் துண்டின் இரு முனைகளும் எங்கோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. பிக்கப்பின் அடியில், உறை உரிந்த ஒயர்கள் படிந்திருக்கும் இடத்தைத் தேடிப் பிரித்து இன்சுலேஷன் டேப் சுற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுருளின் செம்பு இழை மிக நுண்ணியது; சாலிடரிங் அயர்னின் முனை அதில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கம்பி மட்டும் மெலிந்து ஒலித்தால் பிக்கப்பின் உயரத்தைப் பார்க்க வேண்டும். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திய நிலையில், தடித்த ஈ கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், ஜி கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்பது தொடங்குவதற்கு ஏற்ற இடைவெளி. ஒலி கூட வேண்டும் என்று மிக நெருக்கமாக உயர்த்தினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி நடுங்கத் தொடங்கும்.

கம்பி ஃபிரெட்டில் உரசி இரைகிறது

இந்த ஒன்றில்தான் அவசரம் அதிகச் சேதம் விளைவிக்கிறது. இரைச்சல் ஆம்பிலும் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கருவியருகே மட்டும் கேட்டு ஆம்பில் கேட்காத மெல்லிய உரசலை விட்டுவிடலாம். கேட்கும் இரைச்சல் எந்த இடத்தில் எழுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். எதையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் இரைந்தால் நெக் பின்னோக்கி வளைந்திருக்கிறது. 12-க்கு மேல் மட்டும் இரைந்தால் சாடில் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பி நிற்கிறது.

நெக்கை அளக்காமல் சாடிலைத் தொடக் கூடாது. நான்கு கம்பிகளையும் சரியான சுருதியில் வைத்து, முதல் ஃபிரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தின் ஃபிரெட்டில் ஈ கம்பியை அழுத்தி, 8-ஆவது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் இடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.30 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லையென்றால், நெக்கின் உள்ளே நீளவாக்கில் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும், மிகுதியாக இருந்தால் இறுக்க வேண்டும். ராடின் நட்டை நேரே பார்த்த நிலையில் கடிகார முள் திசையில் திருப்பினால் அது இறுகி, நெக்கின் குழிவு குறையும். கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பக் கூடாது. திருப்பியபின் சுருதியை மீண்டும் சேர்த்து, சிறிது நேரம் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் ராடின் மரையில் சுமை குறையும். 4 அல்லது 5 மில்லிமீட்டர் அலன் கீ பெரும்பாலும் பொருந்தும். கொஞ்சம் ஆடினாலும் அந்தக் கீயைப் பயன்படுத்தக் கூடாது, நட்டின் உள்விளிம்பு உருண்டுவிட்டால் பிறகு வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நியாயமான பலத்துக்கு மேல் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நெக்கின் வளைவு பருவத்தோடு மாறும். தருமபுரியின் கோடை வறட்சியும், ஐப்பசி மழையின் ஈரமும், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரும் ஒரே கருவியை ஒரே ஆண்டில் தொடுகின்றன. எந்தத் திசையில் எவ்வளவு வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். ஆகவே பருவம் மாறும்போதெல்லாம் அளப்பது சரியான பழக்கம். தகரக் கூரை அறையிலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ கருவியை விடக் கூடாது. கோடையில் நெக்கின் ஓரத்தில் ஃபிரெட் முனைகள் கையைக் குத்தினால், விரற்பலகையின் மரம் அகலவாக்கில் சுருங்கி உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மெல்லிய அரத்தால் மரத்தைத் தொடாமல் முனைகளை மட்டும் சாய்வாகத் தேய்க்கலாம்.

ஒற்றை ஃபிரெட் எழும்பியிருந்தால், மூன்று ஃபிரெட்டுகளின் மேல் படியும் அளவுள்ள நேரான எஃகுத் துண்டை வைத்து ஆட்டிப் பார்த்தால் நடுவில் உள்ளது தெரியும். சிறு மரக்கட்டையை அதன் மேல் வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் சில நேரங்களில் அது இருக்கையில் அமர்ந்துவிடும். பல ஃபிரெட்டுகள் ஒழுங்கற்று இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும், அதற்கு முற்றிலும் நேரான நீண்ட தேய்ப்பான் தேவை. இங்கே கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கிரானைட் மெருகூட்டும் பட்டறைகளில் கழித்துப் போடும் துண்டுகளில், எஃகு ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சம் புகாததாக ஒன்றைத் தேர்ந்து, அதன் மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, சன்னல் செய்யும் கடையில் கிடைக்கும் சதுர அலுமினிய செக்ஷன் துண்டின் ஒரு பக்கத்தை அதில் தேய்த்து நேராக்கிக்கொள்ளலாம். நேரான அந்தப் பக்கத்தில் 400 எண் தாளை ஒட்டி, நெக்கை ட்ரஸ் ராடால் நேராக்கி, ஃபிரெட்டுகளின் தலையில் கறுப்பு மார்க்கரால் கோடிட்டு, அழுத்தாமல் நெடுகத் தேய்க்க வேண்டும். எல்லா ஃபிரெட்டின் கோடும் சிறிதளவேனும் அழிந்ததும் நிறுத்திவிட்டு, தட்டையான தலைகளை மெல்லிய அரத்தால் மீண்டும் வளைவாக்கி, 1000 எண் தாளால் மெருகேற்ற வேண்டும். பொறுமை உள்ளவருக்கே உரிய வேலை இது. ஆனால் ஒரு மலிவுக் கருவியின் மதிப்பை இதைவிட உயர்த்தும் வேலை வேறொன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆழமான நட் பள்ளத்தில் சிறிது ஆப்பசோடாவை நிரப்பி, அதன் மேல் ஃபெவிகுவிக் ஒரு துளி விட்டால் உடனே கல்லாக இறுகும். பிறகு அளவாக அறுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் எழும் ஆவி கண்ணில் படாமல் சன்னலருகே செய்ய வேண்டும்.

அழுத்துவதற்குக் கடினமாக இருக்கிறது

நெக்கின் குழிவைச் சரிசெய்தபின், 17-ஆவது ஃபிரெட்டில் ஈ கம்பியின் உயரம் 2.4 மில்லிமீட்டர், ஜி கம்பியின் உயரம் 2 மில்லிமீட்டர் என்று சாடில்களை இறக்கலாம்; பெரும்பாலானவற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் அலன் கீ தேவைப்படும். சாடில் அடிவரை இறங்கியும் கம்பி உயரமாகவே இருந்தால் நெக்கைக் கழற்றி, குழியில் உடலின் நடுப்பக்கமுள்ள ஓரத்தில் விசிட்டிங் கார்டு கனமுள்ள துண்டு ஒன்றை வைத்து மீண்டும் இறுக்கினால் கோணம் மாறிக் கம்பி தாழும். முதல் ஃபிரெட்டில் மட்டும் கடினமாக இருந்தால் காரணம் நட். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தும்போது முதல் ஃபிரெட்டின் மேல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

மேலே செல்லச் செல்லச் சுருதி விலகுகிறது

கம்பிகள் மிகப் பழையவையானால் அவற்றை மாற்றாமல் இந்த வேலையைத் தொடங்குவது வீண். புதுக் கம்பியில், 12-ஆவது ஃபிரெட்டின் மேல் தொட்டு மீட்டும் ஒலியையும் அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் சாடிலைப் பின்னே இழுக்க வேண்டும், தாழ்ந்திருந்தால் முன்னே தள்ள வேண்டும். 34 அங்குல நீளக் கருவியில் நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரை 432 மில்லிமீட்டர். அங்கிருந்து சாடில் வரையான தூரம் இதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாகவும், ஈ கம்பிக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதலாகவும் அமையும்.

வாசிக்கும்போதே சுருதி இறங்கினால் ட்யூனிங் கீயில் கம்பி இரண்டு மூன்று சுற்றாவது சுற்றியிருக்கிறதா, கீயின் சிறு திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பது போதும். மரத்துளை தேய்ந்து திருகு சுற்றிக்கொண்டே இருந்தால், ஃபெவிகாலில் தோய்த்த மூங்கில் சீவலைத் துளையில் அடைத்து, காய்ந்தபின் மீண்டும் திருக வேண்டும். தோள்வாரைத் தாங்கும் குமிழுக்கும் இதே வழிதான்.

சரிசெய்யக் கூடாதவையும் முடியாதவையும்

ஜி கம்பியில் 5 முதல் 7 வரையிலான ஃபிரெட்டுகளில் ஏதோ ஒரு சுரம் மட்டும் விரைவில் அடங்கிவிட்டால், அது நெக்கின் இயற்கை அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை உறிஞ்சுவதால் ஏற்படுவது. விலை உயர்ந்த கருவிகளிலும் இது உண்டு. இதற்காக ஃபிரெட்டைத் தேய்ப்பதோ பிக்கப்பை மாற்றுவதோ வேண்டாம். நெக்கின் தலைப்பகுதியில் ஒரு கிளாம்ப் மாட்டி எடையைக் கூட்டினால் அந்த இடம் சற்று நகரும்.

ஆம்பின் உட்புறத்தைத் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். நெக் முறுக்கிக்கொண்டு, ஈ பக்கம் ஒரு திசையிலும் ஜி பக்கம் வேறு திசையிலும் வளைந்திருந்தால் ட்ரஸ் ராடால் அதை நிமிர்த்த முடியாது. ராடே உள்ளே அறுந்திருந்தாலும் அவ்வாறே. அப்போது வேறு நெக் வாங்கித்தான் பொருத்த வேண்டும். கடைக்குப் போகும் முன் பழைய நெக்கின் அடிப்பகுதி அகலம், கனம், ஃபிரெட்டுகளின் எண்ணிக்கை, நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரையான தூரம், நான்கு திருகுத் துளைகளின் இடைவெளி, உடலிலுள்ள குழியின் அகலம், ஆழம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மலிவுக் கருவிகளில் இந்த அளவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், குழியின் அகலத்தைவிடச் சிறிய நெக்கை வாங்கி இடைவெளியை அட்டை வைத்து அடைப்பதைக் காட்டிலும், கால் மில்லிமீட்டர் பெரிதாக உள்ளதை வாங்கி ஓரத்தைத் தேய்த்து இறுக்கமாகப் பொருத்துவது நல்லது.